பராக்கு

2023 யூலை 24ஆம் திகதி மாலை, ஸ்காபரோவின் சின்ன ரயில் எலெஸ்மியர் நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே தடம் புரண்டது. கடைசிப் பெட்டி கழன்று பின்னால் நின்றுவிட்டது. ஐந்து பேருக்குச் சிறு காயம். 1985இலிருந்து ஓடிய அந்த மூன்றாம் வழித்தடத்தை நவம்பரில் மூடப்போவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். அந்த மாலைக்குப் பிறகு அது ஓடவேயில்லை. ரொறன்ரோவின் செய்திகளில் இரண்டு மூன்று நாட்கள் பேசப்பட்டு ஓய்ந்துபோன விஷயம். எங்கள் வீட்டில் ஓயவில்லை.

மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த ரயிலின் ஆறு நிலையங்களையும் அவன் மூன்று வயதிலிருந்தே ஒப்புவித்து வந்தான்: கென்னடி, லோரன்ஸ் ஈஸ்ட், எலெஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கோவன். படுக்கப்போகுமுன் பிள்ளைகள் தேவாரம் சொல்லும் வீடுகள் உண்டல்லவா, அதுபோல. தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் அலுமினியத் தகட்டைக் காந்தவிசையால் பற்றித்தான் அந்த ரயில் தன்னை இழுத்துச் செல்கிறது என்பதும், தகட்டில் பனி உறைந்தால் அது ஏன் நின்றுபோகிறது என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தடம் புரண்ட இரவு அவன் உறங்கவில்லை. விடியற்காலை என்னை எழுப்பிக் கேட்டான்: "அப்பா, இனி அது வராதெண்டு ஏன் எனக்கு முதலே ஒருத்தரும் சொல்லேல்லை?" நவம்பரில் மூடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். நாட்காட்டியில் நாள் குறித்து வைத்திருந்தான். நவம்பருக்காகத்தான் அவன் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தான்.

பத்து நாட்கள் வீட்டை விட்டு இறங்கவில்லை. பதினோராம் நாள், ரயிலுக்குப் பதிலாக ஓடிய 903ஆம் இலக்க பஸ்ஸில் தானே ஏறிப் போய்வந்தான். ஒரு வாரத்துக்கு அந்த பஸ்தான் உலகம். எந்தத் தரிப்பில் எத்தனை நிமிடம், எந்தச் சாரதி எப்படி முறிக்கிறார், எல்லாம் எழுதினான். மூன்றாம் வாரம் கொப்பியைத் தூக்கி எறிந்தான். "அலுப்பாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி."

ஒரே மாதிரி இல்லையென்று பத்து நாள் அழுதவனும் ஒரே மாதிரி இருக்கிறதென்று கொப்பியை எறிந்தவனும் என் மகன்தான். எதுவும் மாறக்கூடாது என்று ஒரு பிள்ளை கேட்கிறது. ஏதாவது புதிதாய்த் தா என்று இன்னொரு பிள்ளை கேட்கிறது. இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருக்கிறார்கள். பழைய பஸ் துண்டுகளைத் திகதி வரிசையில் அடுக்கத் தொடங்குவான். யாரும் தொட்டால் வீடு அதிரும். பாதி அடுக்கியதும் ஜன்னலில் அணில் தெரியும். எழுந்து ஓடுவான், ஓடும்போது அவன் காலே வரிசையைக் கலைத்துவிடும். திரும்பி வந்து, தான் கலைத்த ஒழுங்கைப் பார்த்துத் தானே அழுவான். கழிப்பறைகளில் கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறவன், நாள் முழுக்க வாயால் ரயில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பான். நண்பர்கள் வரவேண்டும் என்று கெஞ்சுவான். வந்த அரைமணி நேரத்தில் உடுப்பு அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஏழு வயதில் அவனுக்கு முதல் பெயர் கிடைத்தது. ஏ.டி.எச்.டி. அவதானக் குறைபாடும் மிகை இயக்கமும் என்று தமிழாக்கித் தந்தார்கள். ஆசிரியைக்கு ஒரு படிவம், எங்களுக்கு ஒரு படிவம். கூப்பிட்டால் காதில் விழாதவன்போல இருக்கிறானா என்று ஒரு கேள்வி. ஆம் என்று குறித்தேன். ஆறு ஆண்டுகள் கழித்து, ரயில் நின்றுபோன அந்த இலையுதிர் காலத்தில், இரண்டாவது மதிப்பீட்டுக்குப் போனபோது வேறு ஒரு படிவம். அதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறித்தேன். முதல் படிவத்தில் அது அவதானக் குறைபாட்டின் கணக்கில் ஏறியது. இரண்டாவதில் ஓட்டிசத்தின் கணக்கில் ஏறியது. நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டதும் அவன் திரும்பாததும் ஒரே சம்பவம். இரண்டு பேரேடுகளில் பதிந்தார்கள்.

இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் கதை மட்டும் அல்ல என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முதலில் ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு ஓட்டிசம் என்ற பெயர் சராசரியாக மூன்று ஆண்டுகள் பிந்தியே கிடைத்திருந்தது. முன்னால் ஓடித் திரியும் பிள்ளை பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளையை மறைத்துவிடுகிறான். என் மகன் ஓயாமல் கதைப்பான். கதைக்கிற பிள்ளைக்கு எப்படி ஓட்டிசம் என்று எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். கேட்பவர் கொட்டாவி விடுவதைக் காணாமல் ரயிலின் அலுமினியத் தகட்டைப் பற்றியே அவன் கதைத்துக்கொண்டிருந்ததை, அடங்காத வாய் என்று எடுத்துக்கொண்டோம்.

ஏ.டி.எச்.டி.க்கென்று கொடுத்த ஒரு மாத்திரைதான் திரையை விலக்கியது. அவனுக்கு அது உதவியது. உதவாத பிள்ளைகளும் உண்டு. ஓட்டிசமும் மிகை இயக்கமும் சேர்ந்த 72 பிள்ளைகளுக்கு இதே வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் பாதிப் பேருக்குத்தான் பலன் தெரிந்தது; பக்கவிளைவுகளால் நிறுத்திக்கொண்டவர்களும் கணிசம். என் மகன் வகுப்பில் இருக்கத் தொடங்கினான். கை ஓய்ந்தது. அந்த ஓய்வில்தான், அவன் பென்சில்களை நீள வரிசையில் வைக்காமல் எழுத மறுப்பதும், மேசையில் பக்கத்துப் பிள்ளை மாறினால் வாந்தி எடுப்பதும் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஓட்டத்தின் புழுதி அடங்கியபின் தெரிந்த பிள்ளையை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது.

பெயர்களின் வரலாற்றை வாசித்தபோது ஒன்று உறைத்தது. இரண்டும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு அறைகளில் பிறந்தவை. 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் அடங்காத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1943இல் பால்ரிமோரில் லியோ கன்னர் ஓட்டிசம் உள்ள பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதினார். 1971இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்ஜீனியா டக்ளஸ், கனடிய உளவியலாளர் சங்கத்தில் ஆற்றிய உரையில், அடங்காமல் ஓடும் பிள்ளைகளின் சிக்கல் ஓட்டத்தில் இருப்பதைவிட அவதானத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பெயரையே அவதானக் குறைபாடு என்று மாற்றியதில் அவருடைய பங்கு பெரியது. அந்தக் கையேட்டின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு விதி இருந்தது. ஓட்டிசம் என்று சொல்லிவிட்டால், அதே பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்றும் சொல்லக்கூடாது. ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். 2013இல்தான் அந்த விதி நீங்கியது. என் மகன் பிறந்தது 2010இல். அவன் பிறந்தபோது, அவனைப் போன்ற ஒருவன் கையேட்டின்படி இருக்க முடியாதவன்.

இருந்தார்கள், எண்ணிக்கையில் குறைவாகவும் அல்ல. 2019இல், இந்த நகரத்தின் மனநல மையமான காம்எச்சில் பணியாற்றும் மெங்-சுவான் லாய் என்ற மருத்துவர், தம் சகாக்களோடு சேர்ந்து பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். ஓட்டிசம் உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 28 பேருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருந்தது. பெண்கள் தங்கள் ஓட்டிசத்தை எப்படி மறைத்துப் பழகிக்கொள்கிறார்கள் என்று தொடர்ந்து எழுதிவருபவரும் அவர்தான். எங்கள் வீடுகளில் அமசடக்கு என்று மெச்சப்படும் பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் யாரும் படிவம் நீட்டுவதேயில்லை.

ரொறன்ரோ எனக்கு இந்த விஷயத்தில் இரண்டு முகம் காட்டுகிற ஊர். ஆய்வுகூடத்தில் ஒன்றைச் சொல்கிறது, கரும பீடத்தில் வேறொன்றைச் செய்கிறது.

முதலில் ஆய்வுகூடம். டொன் மில்ஸ் வீதியில், ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1969இல் திறக்கப்பட்ட ஒன்ராறியோ அறிவியல் மையம் இருந்தது. 2024 யூன் 21ஆம் திகதி, கூரை பழுதென்று ஒரே நாளில் மூடிவிட்டார்கள். 2008இல் அங்கே போனவர்களுக்கு நினைவிருக்கலாம்: சிக்கிட்ஸ் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் எச்சில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரசல் ஷக்கார், ஜெனிபர் குரொஸ்பி ஆகியோரின் குழு. நோயென்று வந்தவர்களை விட்டுவிட்டு, விடுமுறை நாளில் மையத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஆறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அழைத்தார்கள். ஏறக்குறைய 17,000 பேர் சேர்ந்தார்கள். எச்சில் துப்பு, கணினியில் ஒரு விளையாட்டு விளையாடு, பெற்றோர் ஒரு படிவம் நிரப்பட்டும்.

நான் நிறைய நேரம் நினைத்துக்கொண்டிருப்பது அந்தப் படிவத்தைத்தான். ஸ்வான் என்று பெயர். எங்களுக்கு வழக்கமாக நீட்டப்படும் படிவங்கள் குறையை மட்டும் கேட்கும்: இல்லை, சில வேளை, அடிக்கடி. குறை இல்லாத இடம் பூச்சியம். ஸ்வான் ஏழு படிகள் வைத்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளைவிட மிகவும் குறைவாக அவதானிக்கிறானா என்பதிலிருந்து, மற்றப் பிள்ளைகளைவிட மிகவும் கூடுதலாக அவதானிக்கிறானா என்பது வரை. பூச்சியம் நடுவில் இருக்கிறது. அப்படி அளந்தபோது, பிள்ளைகள் நோயுள்ளவர், நோயற்றவர் என்று இரு குவியலாக விழவில்லை. நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணியின் வடிவில், இடைவெளி இல்லாமல் பரந்திருந்தார்கள். கோடு எங்கே போடுவது என்பது பிறகு நாம் எடுக்கும் முடிவு.

2011இல் அதே சிக்கிட்ஸில், ஸ்டீபன் ஷெரரின் மரபணுக் குழுவும் ஷக்காரின் குழுவும் சேர்ந்து ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் மரபணுக்களைத் தேடியபோது, சிலரிடம் ஓட்டிசத்தோடு தொடர்புள்ளவை என முன்பே அறியப்பட்ட இடங்களில் மாற்றங்களைக் கண்டார்கள். பிறகு, கில்கோர் வீதியில் இருக்கும் ஹொலண்ட் புளூர்வியூ மருத்துவமனையின் எவ்டோக்கியா அனக்னொஸ்டு தலைமையில் பொண்ட் என்ற மாகாண ஆய்வு வலையமைப்பு ஓட்டிசம், ஏ.டி.எச்.டி., ஓ.சி.டி. பிள்ளைகளை ஒரே வலைக்குள் கொண்டுவந்தது. 2019இல் அந்தக் குழுவின் அசாடே குஷ்கி செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் ஒட்டியிருந்த பெயரை எடுத்துவிட்டு, நடத்தை அளவீடுகளையும் மூளை மேலுறையின் தடிப்பையும் மட்டும் கணினிக்குக் கொடுத்து, ஒத்தவர்களைச் சேர் என்றார்கள். கணினி சேர்த்த கூட்டங்கள் வைத்தியர்கள் கொடுத்த பெயர்களோடு பொருந்தவில்லை. ஒரே கூட்டத்தில் வெவ்வேறு பெயருள்ள பிள்ளைகள் நின்றார்கள்.

இனிக் கரும பீடம். ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டத்தின் பணம் கிடைக்க ஓட்டிசம் என்ற பெயர் எழுதிய கடிதம் வேண்டும். 2019 பெப்ரவரியில் அந்த வரிசையில் 23,000 பிள்ளைகள் காத்திருப்பதாக அரசே சொன்னது. வரிசையைக் கலைக்க வயதை வைத்துப் பணத்தைப் பிரிக்கப் பார்த்தார்கள்: ஆறு வயதுக்குக் கீழே ஆண்டுக்கு 20,000 டொலர் வரை, அதன் பிறகு 5,000 வரை. மார்ச் 7ஆம் திகதி குளிரில், மாகாணச் சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கின் முன்னால் பெற்றோர் திரண்டார்கள். திட்டம் பிறகு மாறியது, வரிசை பின்னும் நீண்டது. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வரிசைகூட இல்லை. பாடசாலைச் சபைகள் விசேட கல்விக்குப் பிள்ளைகளை இனங்காணும் பட்டியலில் ஓட்டிசம் தொடர்பாடல் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. ஏ.டி.எச்.டி.க்குத் தனி வரி கிடையாது. என் மகனில் பாதிக்குப் பட்டியலில் இடம் உண்டு, மற்றப் பாதி வாசலில் நிற்கிறது.

ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் என்னிடம் அன்பாகவே கேட்டார், இரண்டில் எது முதன்மையானது என்று. படிவத்தில் ஒரு பெட்டிதான் இருந்தது. நான் பேனாவைப் பிடித்தபடி நீண்ட நேரம் இருந்தேன். பணம் எந்தப் பெயருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், அதையே குறித்தேன். அது பொய்யல்ல. ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க, பிள்ளையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு வந்தது போலிருந்தது.

எங்கள் ஆட்களிடமும் இரண்டு பெயர்களுக்கும் இரண்டு குரல் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்று கோயில் மடப்பள்ளியில் நின்று சிரித்தபடி சொல்லலாம். பெடியன் கொஞ்சம் குழப்படி என்று அர்த்தம். ஓட்டிசம் என்றால் குரல் தாழும், தங்கச்சியின் கலியாணம் நினைவுக்கு வரும், தாய் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள் என்ற விசாரணை தொடங்கும். என் மனைவி அந்த விசாரணையைப் பல முறை எதிர்கொண்டிருக்கிறாள். அதற்காக எந்த உறவினரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பம்மாவிடம் மட்டும் வேறு சொல் இருந்தது. என் தாய், இவனுக்கு அப்பம்மா. அவன் ஜன்னலில் நின்று எதையோ பார்த்தபடி, சாப்பாடு ஆறிப்போய், நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது சொல்வார்: "ராசா பிராக்குப் பாக்கிறான். விடுங்கோ, வருவான்."

பிராக்கு என்பது யாழ்ப்பாணத்து நா. எழுத்தில் பராக்கு. அகராதியைத் திறந்து பார்த்தேன். கவனமின்மை என்று பொருள் இருந்தது. வேடிக்கை, பொழுதுபோக்கு என்றும் இருந்தது. அதோடு, கவனத்தை வேண்டிக் கூவும் சொல் என்றும் இருந்தது. அரசன் வரும்போது கட்டியக்காரன் முன்னால் நடந்து பராக், பராக் என்று கூவுவானே, அதுதான். இங்கே பார் என்பதற்கும் எங்கோ பார்க்கிறான் என்பதற்கும் ஒரே சொல். அகராதியை மூடாமல் வெகுநேரம் இருந்தேன். பார்வை வேறெங்கோ இருக்கிறது என்றுதானே அந்தச் சொல் சொல்கிறது, பார்வையே இல்லை என்று சொல்லவில்லையே. குறைபாடு என்று கையேடு எழுதிய இடத்தில் எங்கள் கிழவிகள் திசையைச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுக் குறிப்புகளில் ஓட்டிசத்துக்குப் புற உலக சிந்தனையற்ற என்று தொடங்கும் ஒரு பெயரைக் கண்டிருக்கிறேன். அந்த அலுமினியத் தகட்டைவிடப் புறவுலகமான பொருள் வேறென்ன?

ஆனாலும் அந்தச் சொல்லை நான் கொண்டாட மாட்டேன். அந்தச் சொல்லால் அடிவாங்கியவன் நான். எண்பதுகளில் வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிராக்குப் பார்த்ததற்காகப் பூவரசந்தடி என் முழங்காலுக்குப் பின்னால் முறிந்தது. குழப்படி, பஞ்சி, பிராக்கு, எல்லாமே அடிக்கு முந்திய சொற்கள். 1987 மே மாதம் இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்தபோது வகுப்பில் முதலில் சத்தம் கேட்டது எனக்குத்தான். கரும்பலகையைப் பார்க்காமல் ஆகாயத்தில் காதை விட்டிருந்தவன் நான் ஒருவனே. அன்று யாரும் அடிக்கவில்லை. மகனின் முதல் படிவத்தை நிரப்பிய இரவு, அவனுக்காகக் குறித்த ஒவ்வொரு வரியிலும் எனக்காகவும் குறித்துக்கொண்டிருந்தேன் என்பது கடைசிப் பக்கத்தில்தான் புரிந்தது. எனக்கிருந்தது பிறவிக் குணமா, யுத்தம் பழக்கிய விழிப்பா என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே, பெயர் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெயர் கிடைத்த பிள்ளைக்குத் தடி விழுவதில்லை.

2005இல் டைனா மறே, மைக் லெசர், வென் லோசன் என்ற மூவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. லோசன் தாமே ஓட்டிசம் உள்ளவர். மனிதனிடம் இருக்கும் அவதானம் அளவுக்கு உட்பட்டது. பெரும்பாலானவர்களிடம் அது பல வாய்க்கால்களில் மெல்லப் பாய்கிறது, ஓட்டிசம் உள்ளவர்களிடம் ஒரே வாய்க்காலில் முழு வேகத்தோடு பாய்கிறது என்பது அவர்கள் கருத்து. அதை வாசித்தபோது என் மகனின் இரண்டு பெயர்களும் முதன்முதலாக ஒரே மண்ணில் நின்றன. அவனுடைய தண்ணீர் ஒரே வாய்க்காலில்தான் பாய்கிறது. ஆனால் மடை அவன் கையில் இல்லை. எப்போது எந்த வாய்க்கால் திறக்கும் என்பது அவனுக்கே தெரியாது. திறந்ததை யாராவது இடையில் அடைத்தால் வரப்பு உடைகிறது. இது விஞ்ஞானம் என்று நான் சொல்ல வரவில்லை, அவனோடு பதினைந்து ஆண்டுகள் இருந்த ஒருவனின் கணிப்பு. இப்போது நான் அவனைக் கூப்பிடுவதில்லை. அருகில் போய், அவன் பார்ப்பதை நானும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். பிறகு சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். எப்போதும் பலிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போனபின் பாடத்துக்குப் பாடம் அறையும் ஆசிரியரும் மாறுகிறார்கள். அங்கே அருகில் போய் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது?

போன மாதம் இருவரும் கென்னடியிலிருந்து 903இல் வந்துகொண்டிருந்தோம். பழைய ரயில் பாதை இருந்த திசையில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதடு அசைந்தது. கென்னடி. லோரன்ஸ் ஈஸ்ட். எலெஸ்மியர். அதற்குள் வெளியே ஓர் உயரமான பாரந்தூக்கி சுழன்றது. எழுந்து மறுபக்க ஜன்னலுக்கு ஓடினான். மிட்லண்ட் வரவில்லை. வீட்டுக்கு வந்தோம், சாப்பிட்டோம், வீட்டுப்பாடத்துக்காகச் சண்டை பிடித்தோம், அவன் படுத்துவிட்டான். பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கப் போனேன். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மிட்லண்ட். ஸ்காபரோ சென்ரர். மக்கோவன். இப்ப நிப்பாட்டுங்கோ, அப்பா."